ஓடாத டிராக்டரின் பாட்டரியைக் காப்பது எப்படி?

சித்திரை மாதத்தில் இரண்டு உழவு மழை பெய்து விட்டால் மானாவாரி விவசாயிக்கு அது பெரிய வாய்ப்பு. மண்ணில் ஈரம் இருக்கும் இரண்டு மூன்று நாட்களுக்குள் கோடை உழவை முடித்துவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் நிற்கும் டிராக்டரின் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. என்ஜின் சுற்றவில்லை. மாசியில் கடைசியாக ஓட்டியபோது நன்றாகத்தானே இருந்தது என்று யோசிக்கிறோம். நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுகிறோம். பாட்டரியை இறக்கிப் பக்கத்து ஊருக்குக் கொண்டு போகிறோம். கடைக்காரர் ஒரு நாள் வைத்திருந்து, "இது இனிமேல் சார்ஜ் பிடிக்காது, புதிது வாங்கிக் கொள்ளுங்கள்" என்கிறார். புதிய பாட்டரிக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு. அதற்குள் நிலத்து ஈரமும் காய்ந்து விடுகிறது.

இந்த இரண்டு நஷ்டங்களையும் தவிர்க்க முடியும். பாட்டரி பெரும்பாலும் வேலை செய்து கெடுவதில்லை. சார்ஜ் இறங்கிய நிலையில் சும்மா கிடந்துதான் கெடுகிறது. வண்டியை நிறுத்தும் முன் ஒரு நாளும், பிறகு மாதம் ஒரு முறை சிறிது நேரமும் ஒதுக்கினால் போதும்.

வாடகைக்கு ஓயாமல் ஓடும் டிராக்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. அண்ணன் தம்பிகள் கூட்டாக வாங்கி வைத்த டிராக்டர், சொந்த நிலத்துக்கு மட்டும் பயன்படும் பழைய வண்டி, சந்தைக்கு எப்போதாவது போகும் சரக்கு ஆட்டோ, வீட்டில் அதிகம் எடுக்காத கார் ஆகியவற்றுக்குத்தான் இது முக்கியம். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா நடவு முடிந்த பிறகு, ஐப்பசியிலிருந்து தை அறுவடை வரை டிராக்டருக்கு அதிக வேலை இருப்பதில்லை. மானாவாரிப் பகுதியில் மாசி முதல் கோடை மழை வரை ஓய்வு. ஒன்று மழைக் காலம், மற்றொன்று வெயில் காலம். பாட்டரிக்கு இரண்டுமே சோதனைக் காலம்தான்.

சும்மா இருந்தாலும் சார்ஜ் ஏன் இறங்குகிறது?

டிராக்டரில் உள்ளது ஈய - அமில பாட்டரி. 1859-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த முறையே இன்றும் அடிப்படை. 12 வோல்ட் பாட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொரு அறையும் சுமார் 2 வோல்ட் தரும். அறைக்குள் ஈயத் தகடுகளும், ஈய ஆக்சைடு பூசிய தகடுகளும் மாற்றி மாற்றி அடுக்கப்பட்டு, தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கி இருக்கும்.

மின்சாரத்தை எடுக்கும்போது அமிலத்தில் உள்ள கந்தகப் பொருள் தகடுகளில் போய் ஒட்டிக் கொள்கிறது. இதை ஈய சல்பேட் என்பார்கள். அமிலம் மெலிந்து தண்ணீர்த் தன்மை அடைகிறது. திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது சல்பேட் கரைந்து அமிலத்துக்குள் போய்விடும். அமிலமும் பழைய வீரியத்தை அடையும். இப்படி மாறி மாறி நடப்பதே பாட்டரியின் வேலை.

கம்பியை எங்கும் இணைக்காமல் வைத்திருந்தாலும் பாட்டரிக்குள் இந்த மாற்றம் மெதுவாக நடந்து கொண்டே இருக்கும். நெல் மூட்டையைக் கட்டி வைத்தாலும் நாளாக ஆக எடை குறைவது போல, பாட்டரியும் தானாகவே சார்ஜை இழக்கும். தண்ணீர் ஊற்றும் வகையைச் சேர்ந்த சற்றுப் பழைய பாட்டரி, நம் வெயிலில் நாள் ஒன்றுக்கு நூற்றில் அரைப் பங்கு இழப்பதாக வைத்துக் கொள்வோம். டிராக்டருக்குப் போடும் 88 ஆம்பியர்-அவர் பாட்டரியில் இது மாதத்துக்குச் சுமார் 13 ஆம்பியர்-அவர் ஆகும். மூன்று மாதத்தில் ஏறக்குறையப் பாதி காலி. மிகவும் பழைய பாட்டரி இதைவிட வேகமாக இழக்கும். புதிய மூடிய வகை பாட்டரி மெதுவாக இழக்கும்.

இழந்த சார்ஜை மீண்டும் ஏற்றிக் கொள்ளலாம்; அது பெரிய கெடுதல் அல்ல. கெடுதல் வேறொன்று. தகட்டில் புதிதாகப் படிந்த சல்பேட் மாவு போல மிருதுவாக இருக்கும், எளிதில் கரையும். அதையே வாரக் கணக்கில் விட்டு வைத்தால் கட்டியாக இறுகி விடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுவதும் கரையாது. அந்த அளவுக்குத் தகட்டின் இடம் வீணாகப் போகிறது. கடைக்காரர் "சல்பேட் ஆகிவிட்டது" என்று சொல்வது இதைத்தான். ஆகவே, சார்ஜ் இறங்கிய பாட்டரியை "உழவு வரும்போது ஏற்றிக் கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவதே பாட்டரியைக் கொல்லும் பெரும் தவறு.

வெயிலும் ஈரமும் செய்யும் கெடுதல்

பனி உறையும் நாடுகளில் குளிர்காலம் பாட்டரிக்குப் பெரிய பகை. அங்கே சார்ஜ் இறங்கிய பாட்டரியில் அமிலம் மெலிந்து, தண்ணீர் போல உறைந்து, பெட்டியையே பிளந்து விடும். நமது சமவெளியில் அந்தப் பயம் கிடையாது. நமக்குப் பகை வெயில்தான். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால், பாட்டரி தானாக இழக்கும் சார்ஜ் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. மார்கழியில் ஒரு மாதத்தில் இழப்பதைச் சித்திரையில் பதினைந்து நாளில் இழந்து விடும். தகரக் கொட்டகையின் கீழ் நிற்கும் வண்டிக்கு இன்னும் மோசம். வேப்ப மர நிழலோ, கீற்றுக் கொட்டகையோ மிகவும் நல்லது.

மழைக் காலத்தில் வேறு தொல்லை. பாட்டரியின் மேற்புறத்தில் தூசியும் கசிந்த அமிலமும் சேர்ந்திருக்கும். ஈரக் காற்று பட்டதும் அது நசநசவென்று ஆகி, இரண்டு முனைகளுக்கும் இடையில் மின்சாரம் கசிய வழி செய்கிறது. முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்து, கிளாம்பை அரித்து விடுகிறது. பாட்டரியில் சார்ஜ் இருந்தும் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேராமல் போவதற்கு இந்தப் பூப்பே பல நேரங்களில் காரணம்.

பாட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் தரை சார்ஜை இழுத்து விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இன்று வரும் பாட்டரிகளின் பெட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் வழியாகத் தரை எதையும் இழுக்காது. எனினும் பலகை மேல் வைப்பதால் ஈரமும் மண்ணும் படாமல் இருக்கும்; எனவே பலகை வைக்கும் வழக்கத்தை விட வேண்டியதில்லை. ஆனால் பலகை மேல் வைத்து விட்டோம், இனி சார்ஜ் இறங்காது என்று மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

ஐந்து நிமிடம் ஓட விட்டால் போதுமா?

வாரம் ஒரு முறை வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விட்டு அணைப்பது பலருடைய வழக்கம். இதனால் பாட்டரி காப்பாற்றப்படுகிறது என்று நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் உண்மை விளங்கும்.

ஸ்டார்ட்டர் சுற்றும் சில விநாடிகளில் இருநூறு, முந்நூறு ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். என்ஜின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் குறைவு. அந்த ஐந்து நிமிடமும் ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரத்தை ஈடு செய்வதற்கே சரியாகப் போய்விடும். இரண்டு மூன்று தடவை சாவியைத் திருப்ப நேர்ந்தால் அதற்கும் போதாது. மாதம் முழுவதும் தானாக இறங்கிய 13 ஆம்பியர்-அவர் அப்படியே பாக்கி நிற்கும். அதை ஈடு செய்ய வேண்டுமானால், நல்ல வேகத்தில் இரண்டு மணி நேரமாவது வண்டி வேலை செய்ய வேண்டும்.

தவிர, சூடேறாத என்ஜினை அடிக்கடி போட்டு அணைப்பதால் என்ஜின் ஆயிலில் ஈரம் சேரும். டீசலும் வீண். எனவே உண்மையான வேலை இருந்தால் மட்டுமே வண்டியை எடுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை எரு அடிப்பதற்கோ, வைக்கோல் ஏற்றுவதற்கோ ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டினால் பாட்டரிக்கு நல்லதுதான். ஆனால் நின்ற இடத்தில் ஐந்து நிமிட ஓட்டம் பாட்டரியைக் காக்காது.

நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை

பருவ வேலை முடிந்து வண்டியை நிறுத்தும் நாளில் கீழ்க்கண்ட வேலைகளை வரிசையாகச் செய்யுங்கள்.

முதலாவது, கழற்றுதல். பாட்டரியின் இரண்டு முனைகளில் ஒன்று வண்டியின் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். இது எர்த் முனை. இன்றைய வண்டிகளில் இது நெகடிவ் முனை, அதாவது கழித்தல் குறி உள்ள முனை. முதலில் எர்த் முனையையே கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். பாசிட்டிவ் முனையை முதலில் கழற்றப் போனால், கையில் உள்ள ஸ்பானர் தவறி வண்டியின் இரும்பில் பட்டுவிடலாம். உடனே பெரும் தீப்பொறி பறக்கும். கை வெந்து விடும். எர்த்தை எடுத்து விட்ட பிறகு அந்த அபாயம் இல்லை. ஸ்பானரை இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் படும்படி மட்டும் போட்டு விடக் கூடாது. கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வைத்து விடுங்கள்.

இரண்டாவது, சுத்தம். ஒரு குவளை வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் முனைகளையும் கிளாம்புகளையும் தேய்த்துக் கழுவுங்கள். அப்போது மூடிகள் இறுக்கமாக மூடி இருக்க வேண்டும். ஒரு சொட்டு சோடாத் தண்ணீர் அறைக்குள் போனாலும் அமிலம் கெடும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து விடுங்கள். முனைகளில் லேசாக வாசலின் தடவினால் பூப்பு வராது. மூடிகளில் உள்ள சிறு காற்றுத் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். மூடிகளைத் திறந்து ஆறு அறைகளையும் பாருங்கள். தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர், அதாவது சுமார் அரை அங்குலம் அளவுக்கு அமிலம் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரை மட்டுமே ஊற்றலாம். கிணற்று நீர், போர் நீர், குடிநீர் எதையும் ஊற்றக் கூடாது. அவற்றில் உள்ள உப்பும் இரும்பும் தகடுகளைக் கெடுத்து, சார்ஜ் இறங்குவதை வேகப்படுத்தும். அமிலத்தையும் ஊற்றக் கூடாது. குறைந்தது தண்ணீர்தான், அமிலம் ஆவியாகிப் போவதில்லை. தகடு வெளியில் தெரிந்தால், மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்றிச் சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டம் சற்று உயரும். ஆகையால் முழு அளவுக்கு நிரப்புவதைச் சார்ஜ் முடிந்த பிறகு வைத்துக் கொள்வதே முறை.

நான்காவது, முழுச் சார்ஜ். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பாதிச் சார்ஜோடு நிறுத்திய பாட்டரி, முதல் மாதத்திலிருந்தே கெடத் தொடங்கும். முழுச் சார்ஜோடு நிறுத்தியது மாதக் கணக்கில் தாங்கும்.

ஐந்தாவது, இணைப்பு. பாட்டரியை வண்டியிலேயே விட்டு வைத்தாலும் எர்த் கம்பியைக் கழற்றியே வையுங்கள். சாவியை எடுத்து விட்டால் மின்சாரம் போகாது என்று நினைக்க வேண்டாம். புதிய வண்டிகளில் மின்னணு மீட்டர், கடிகாரம், இடம் காட்டும் கருவி போன்றவை இரவும் பகலும் சிறிது சிறிதாக உறிஞ்சிக் கொண்டிருக்கும். பழைய வண்டியில் தோல் உரிந்த ஒயரே அந்த வேலையைச் செய்யும். இந்தக் கசிவு 50 மில்லி ஆம்பியர் மட்டும் என்றாலும் ஒரு மாதத்தில் 36 ஆம்பியர்-அவர் போய்விடும். தானாக இறங்குவதையும் சேர்த்தால், 88 ஆம்பியர்-அவர் பாட்டரி இரண்டு மாதத்துக்குள் முழுவதும் காலி. ஒரு ஸ்பானரும் இரண்டு நிமிடமும் இந்த இழப்பைத் தடுத்து விடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: என்ஜின் ஓடிக் கொண்டிருக்கும்போது பாட்டரிக் கம்பியை ஒருபோதும் கழற்றக் கூடாது. ஆல்டர்னேட்டரில் உள்ள டயோடுகள் எரிந்து விடும்.

அமாவாசைக்கு அமாவாசை ஒரு சோதனை

மாதம் ஒரு முறை பாட்டரியைச் சோதிக்க வேண்டும். தேதியை நினைவில் வைப்பது சிரமம் என்றால், அமாவாசையை அடையாளமாக வைத்துக் கொள்ளலாம். பல ஊர்களில் அன்று ஏர் பூட்டும் வழக்கம் இல்லை. வீட்டில் ஓய்வாக இருக்கும் நாள். கோடையில் பௌர்ணமியன்றும் ஒரு தடவை பார்த்து விடுவது நலம்.

சோதிக்க எளிய கருவி ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு மிதவை, மேலே ஒரு ரப்பர் உருண்டை. அமிலத்தை உறிஞ்சினால் மிதவை எந்த அளவில் மிதக்கிறது என்று காட்டும். அமிலம் கெட்டியாக இருந்தால் மிதவை உயரும், மெலிந்திருந்தால் தாழும். இந்த அளவைக் கடைகளில் 'கிராவிட்டி' என்று சொல்வார்கள். விலை மிகவும் குறைவு. ஊரில் நான்கு டிராக்டர்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக் கொள்ளலாம்.

முழுச் சார்ஜ் உள்ள பாட்டரியில் கிராவிட்டி, தயாரிப்பைப் பொறுத்து, 1.240 முதல் 1.280 வரை இருக்கும். உங்கள் பாட்டரிக்கு உரிய அளவு அதனுடன் வந்த புத்தகத்தில் இருக்கும். புத்தகம் இல்லையென்றால், முழுச் சார்ஜ் ஏற்றிய அன்று பார்த்துக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். அந்த அளவிலிருந்து 0.040 குறைந்து விட்டால், சுமார் கால் பங்கு சார்ஜ் இறங்கிவிட்டது என்று பொருள். உடனே ஏற்றி விட வேண்டும். 1.120 அளவுக்கு வந்திருந்தால் பாட்டரி முழுவதும் காலி. ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆறு அறைகளையும் தனித்தனியே பார்த்து எழுதி வையுங்கள். ஐந்து அறைகள் ஒரே அளவில் இருந்து, ஒன்று மட்டும் 0.050 அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் அந்த அறை பழுதாகி வருகிறது. சார்ஜ் ஏற்றிய பிறகும் அப்படியே இருந்தால், உழவுப் பருவத்துக்கு முன்பே மாற்று ஏற்பாடு செய்து கொள்ளலாம். தண்ணீர் ஊற்றிய உடனே கிராவிட்டி பார்த்தால் தவறான அளவே காட்டும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்போ, சார்ஜ் ஏற்றி முடித்த பிறகோ பார்க்க வேண்டும். அமிலம் சூடாக இருந்தாலும் அளவு குறைத்துக் காட்டும்; ஆகவே காலை நேரமே ஏற்றது.

தண்ணீர் ஊற்ற வழியில்லாத மூடிய பாட்டரியில் ஹைட்ரோமீட்டரால் பார்க்க முடியாது. அதற்கு மல்டிமீட்டர் வேண்டும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து முனைகளில் வைத்துப் பார்த்தால், 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் ஏற்ற வேண்டிய நேரம். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழ் போனால் ஆபத்து. எண்களுக்கு இடையே வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். "12 வோல்ட் பாட்டரிதானே, 12 காட்டுகிறதே" என்று ஏமாறக் கூடாது.

சார்ஜ் ஏற்றும் முறை

அவசரச் சார்ஜ் பாட்டரிக்குக் கேடு. ஆம்பியர்-அவர் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கரண்ட் கொடுக்கக் கூடாது. 88 ஆம்பியர்-அவர் பாட்டரிக்கு 8 ஆம்பியர் உச்ச அளவு. 4 அல்லது 5 ஆம்பியரில் மெதுவாக ஏற்றினால் இன்னும் நல்லது. மாதா மாதம் கவனித்து வரும் பாட்டரிக்கு இப்படி மூன்று நான்கு மணி நேரம் ஏற்றினாலே நிரம்பி விடும். பாதி இறங்கியதற்கு ஓர் இரவு வேண்டும். கடையில் கொடுக்கும்போது, "அவசரம் இல்லை, மெதுவாகவே ஏற்றுங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள்.

வீட்டிலேயே ஏற்றுவதானால் பாட்டரியை வண்டியிலிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜரின் பாசிட்டிவ் கம்பியைப் பாசிட்டிவ் முனையிலும், நெகடிவ் கம்பியை நெகடிவ் முனையிலும் மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது முதலில் சுவிட்சை நிறுத்த வேண்டும். எல்லா அறைகளிலும் குமிழி நன்றாக எழும்பி, மணிக்கு ஒரு முறை வீதம் மூன்று தடவை பார்த்தும் கிராவிட்டி ஏறாமல் நின்று விட்டால் சார்ஜ் முழுமை அடைந்தது. அதற்கு மேல் ஏற்றினால் தண்ணீர்தான் வற்றும்; தகடும் உதிரும். பெட்டி கை வைக்க முடியாதபடி சுட்டால் நிறுத்தி, ஆற விட்டுத் தொடருங்கள்.

சார்ஜ் நிரம்பியதும் தானாகக் கரண்டைக் குறைத்துக் கொள்ளும் சார்ஜர்கள் இப்போது கிடைக்கின்றன. கூட்டாகப் பயன்படுத்துவோர் இவ்வகையை வாங்குவது நலம். மின் இணைப்பு இல்லாத தோட்டத்துக் கொட்டகையில் டிராக்டர் நிற்குமானால், 12 வோல்ட் பாட்டரிக்கு உரிய 10 வாட் சூரியத் தகடு ஒன்றைக் கூரை மேல் வைக்கலாம். நல்ல வெயிலில் நாள் ஒன்றுக்கு இரண்டு ஆம்பியர்-அவருக்கு மேல் கிடைக்கும். பாட்டரி தானாக இழப்பதற்கு இது தாராளம். அளவுக்கு மிஞ்சி ஏறாமல் தடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவியையும் சேர்த்தே வாங்க வேண்டும். நிழல் விழாத இடமாகப் பார்த்துப் பொருத்தி, தூசியை அவ்வப்போது துடைக்க வேண்டும்.

எச்சரிக்கை

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக்கள் வெளியாகும். ஒரு தீப்பொறி போதும், பாட்டரி வெடித்து அமிலம் முகத்தில் அடிக்கும். அருகில் பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது. தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது பெரும் ஆபத்து. டார்ச் விளக்கையே பயன்படுத்துங்கள். குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் கிட்டே விடாதீர்கள். அமிலம் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிக் கொண்டே இருந்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மீண்டும் வண்டியை எடுக்கும்போது

மழை வந்த பிறகு பாட்டரியைத் தேடாமல், பருவம் தொடங்க ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் மாட்டி ஒரு முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். குறை இருந்தால் சரி செய்ய அவகாசம் கிடைக்கும். சாவியைத் திருப்பி 10 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுற்ற விட வேண்டாம். கிளம்பாவிட்டால் அரை நிமிடமாவது பொறுத்து மறுபடி முயலுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேலும் கிளம்பாவிட்டால், குறை பாட்டரியில்தானா, டீசல் வரும் வழியில் காற்று அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் நன்றாகச் சுற்றியும் கிளம்பவில்லை என்றால் பாட்டரியைக் குறை சொல்வதில் பயனில்லை.

அவசரத்துக்குப் பக்கத்து வண்டியின் பாட்டரியைக் கழற்றி வந்து மாட்டி, ஸ்டார்ட் ஆனதும் என்ஜின் ஓடும்போதே அதை எடுத்து விட்டுப் பழைய பாட்டரியை மாட்டுகிறவர்கள் உண்டு. முன்பு சொன்னபடி ஆல்டர்னேட்டர் எரிய இதுவே காரணமாகும். பாட்டரியைச் சார்ஜ் ஏற்றி வந்து மாட்டுவதே செலவில்லாத வழி.

தீர்ந்து போன பாட்டரி

எவ்வளவு கவனித்தாலும் ஒரு நாள் பாட்டரியின் ஆயுள் முடியும். அப்போது அதை உடைத்து ஈயம் எடுப்பதோ, அமிலத்தை வாய்க்காலிலோ குப்பைக் குழியிலோ கொட்டுவதோ கூடாது. ஈயம் விஷம். மண்ணிலும் தண்ணீரிலும் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2022-ம் ஆண்டு மத்திய அரசின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. புதியது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக் கொள்வார்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

நிறுத்தும் முன் முழுச் சார்ஜ் ஏற்றுக.
எர்த் கம்பியைக் கழற்றி வைக்க. முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுக.
மேற்புறத்தை ஈரமின்றிச் சுத்தமாக வைக்க.
டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றற்க.
மாதம் ஒரு முறை சோதித்து, குறைந்திருந்தால் அன்றே ஏற்றுக.
நிழலில் நிறுத்துக.
பருவத்துக்கு ஒரு வாரம் முன்பே ஸ்டார்ட் செய்து பார்க்க.

இவற்றுக்கு ஆகும் செலவு டிஸ்டில்டு வாட்டருக்கும், கொஞ்சம் மின்சாரத்துக்கும்தான். கவனிப்பில்லாமல் ஒன்றிரண்டு ஆண்டிலேயே மாற்ற வேண்டி வரும் பாட்டரி, கவனித்து வந்தால் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். அதைவிட முக்கியம், ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டிய நாளில் வண்டி நம்மைக் கைவிடாது என்பதே. உழவு மாட்டுக்கு வேலை இல்லாத மாதத்திலும் தீனி போடாமல் விடுவதில்லை. பாட்டரிக்கும் மாதம் ஒரு முறை தீனி போட வேண்டும்.